மருத்துவச்சியின் புடவை

அந்தக் காலத்து மருத்துவச்சி அழுக்குப் புடவையோடு வருவாள். அவள் கையில் அகப்பட்ட தாயும் சேயும் பிழைத்தது ஆண்டவன் செயல் என்று பேசுவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. மகப்பேறு மனையின் திறப்பு விழாவாயினும், ஊர்ப் பெருமை பாடும் ஆண்டு மலராயினும், பழைய காலத்தின் இருட்டைக் காட்டி இன்றைய வெளிச்சத்தைப் புகழ வேண்டிய இடம் வந்துவிட்டால் அந்த இருட்டுக்கு ஓர் உருவம் தேவைப்படுகிறது. அவ்வுருவமாக மருத்துவச்சியை நிறுத்திவிடுகிறார்கள். நரைத்த தலை, வெற்றிலைச் சிவப்பேறிய வாய், கந்தல் புடவை, சித்திரம் முடிந்தது. கேட்போர் நகைக்கின்றனர். சொன்னவர் கைதட்டலோடு அமர்கின்றார்.

இந்தச் சித்திரத்தின் மீது நாம் வழக்குத் தொடுக்கின்றோம். புடவை அழுக்காயிருந்தது உண்மை. தாய்மார் மாண்டதும் உண்மை. இவ்விரண்டையும் மறுப்பவர் வரலாற்றுக்கு வஞ்சகம் செய்பவர் ஆவார். ஆனால் அந்த அழுக்குப் புடவை அவள் இடுப்பில் எவ்வாறு ஏறிற்று? அதைக் கொடுத்தவர் யார்? மாற்றுப் புடவை ஒன்று வேண்டுமென்று அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்போர் எத்தனை பேர்? இக்கேள்விகளை எழுப்பாமல் பழி முழுவதையும் அவள் தலையில் இறக்கிவைத்துவிட்டு நாம் கை கழுவிக்கொள்வது நீதியன்று. அரையுண்மையைச் சொல்லி மீதியை விழுங்குபவனின் சாட்சியை எந்த காழியும் ஏற்கமாட்டார்.

குற்றம் சாட்டியவர்கள்

இக்குற்றச்சாட்டை உலகறியச் செய்தவர் அமெரிக்க நாட்டு எழுத்தாளர் காதரீன் மேயோ. 1927ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மதர் இந்தியா’ என்னும் நூல் இந்தியாவின் மருத்துவச்சியைப் பற்றிக் கூறும் செய்திகளுள் ஒன்று அவளுடைய உடையைப் பற்றியதாகும். பிள்ளைப்பேற்றுக்கு அழைப்பு வரும்போது அவள் நல்ல ஆடை அணிந்திருந்தால், எத்தனை அவசரமாயினும் நின்று அதைக் களைந்துவிட்டு, அதற்கென்றே வைத்திருக்கும் கந்தலை உடுத்திக்கொண்டு புறப்படுவாள் என்று அவர் எழுதினார். காந்தியடிகள் அந்நூலைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று கண்டித்தது அனைவரும் அறிந்ததே. இந்த நாட்டுக்குத் தன்னாட்சி தகாது என்று காட்டும் நோக்கம் அந்நூலில் ஒளிந்திருந்ததையும் பலர் எடுத்துக்காட்டினர்.

எழுதியவரின் நோக்கம் தீயதாயிருக்கலாம். அதனாலேயே அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் பொய்யாகிவிடாது. நல்ல ஆடையைக் களைந்துவிட்டுக் கந்தலை உடுத்தும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. மேயோ அதைக் கண்டு எழுதினார்.  நம்மவர்களோ காரணத்தை நன்கறிந்தவர்கள். அறிந்திருந்தும் அந்த அன்னியப் பெண்மணியின் தீர்ப்பையே இன்றும் மேடைகளில் ஒப்புவிக்கின்றனர் என்பதுதான் நம் வருத்தம்.

கந்தலின் கணக்கு

காரணம் இரண்டு. ஒன்று வறுமை, மற்றொன்று தீட்டு.

முதலில் வறுமையைப் பார்ப்போம். தமிழகச் சிற்றூர்களில் மருத்துவச்சி என்பவள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்மணி. அக்குலத்தாருக்கு மருத்துவர் என்ற பெயரே உண்டு. அரசின் சாதிப் பட்டியலிலும் அப்பெயர் இடம்பெற்றிருக்கிறது. கணவன் ஊராருக்குச் சவரம் செய்தான். புண் கீறிக் கட்டினான். மனைவி பிள்ளைப்பேறு பார்த்தாள். இருவருக்கும் ஊர் அளித்த ஊதியம் களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லும், விசேட நாட்களில் கிடைத்த அரிசி, எண்ணெய், வெற்றிலை பாக்கும், எப்போதாவது ஒரு புடவையும்தான். பிறந்தது ஆண்பிள்ளையாயின் மகிழ்ச்சியில் கை சற்று நீளும். பெண்பிள்ளையாயின் சுருங்கும். பத்து மாதம் சுமந்தவளின் வேதனையும், இரவெல்லாம் விழித்திருந்தவளின் உழைப்பும் இரண்டுக்கும் ஒன்றுதானே! பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துக் கூலியைக் குறைத்த வீட்டார், அவள் புடவை வெளுத்திருக்கவில்லை என்று குறைகூற எந்த முகத்தோடு வருகின்றனர்?

இரண்டு புடவைக்காரிக்கு இரண்டாவது புடவை என்பது செல்வம். அக்காலத்துக் கிராமத்து மூதாட்டியர் ரவிக்கை அறியாதவர். முரட்டு நூல்புடவை ஒன்றே அவர்களுக்கு மேலாடையும் கீழாடையும். வெயிலுக்கு முக்காடும் குளிருக்குப் போர்வையும் அதுவே. பேறு பார்க்கச் செல்பவள் அதையே முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, முந்தானையை வரிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் அமர்வாள். உதிரமும் நீரும் பட்டு அந்தப் புடவை நனையும் என்பது அவளுக்குத் தெரியும். நல்ல புடவையை உடுத்திச் சென்று அதைப் பாழாக்கிக்கொண்டால் ஈடு செய்வார் இல்லை. ஆகவே, இருந்தவற்றுள் கிழிந்ததை உடுத்திச் சென்றாள். உழவன் நல்ல வேட்டியோடு சேற்றில் இறங்குவதில்லை. அதை அறியாமை என்று எவரும் பழித்ததுமில்லை.

இனித் தீட்டைப் பார்ப்போம். பிள்ளைபெற்ற அறை தீட்டு. அங்கே தொட்ட துணி தீட்டு. தொட்டவளும் தீட்டு என்பது இந்நாட்டில் ஊறிப்போன கருத்து. தீட்டுப்பட்ட துணி வீட்டுக்கு ஆகாது. ஆகவே வீட்டுக்கு ஆகாத துணியைத்தான் அந்த அறைக்குள் அனுப்புவார்கள். வீட்டிலேயே மட்டமான பாய், மூலையில் கிடந்த பழந்துணி, எறியப்படவேண்டிய கந்தல் ஆகியவை பேறுகாலத்துக்கென்று ஒதுக்கப்பட்டன. வெளுத்த துணியை அங்கே பயன்படுத்தினால் அது வீண் என்று வீட்டுப் பெரியவர்களே தடுத்தனர். உயிர் பிறக்கும் இடத்துக்கு வீட்டிலேயே கழிந்த துணியை அனுப்பிய கை மருத்துவச்சியின் கையா? அவள் உடுத்திய கந்தல், வீட்டார் விரித்த கந்தலுக்கு உடன்பிறப்பு. இரண்டையும் பெற்றெடுத்த தாய் தீட்டு என்னும் ஒரே கருத்துத்தான்.

ஏடறியாத பங்கு

காஞ்சி மாநகரையடுத்த கூரம் அளவில் சிற்றூர், வரலாற்றில் பேரூர். 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனின் செப்பேடு அவ்வூரின் பெயராலேயே கூரம் செப்பேடு என வழங்குகின்றது. வைணவப் பெரியார் கூரத்தாழ்வார் தோன்றியதும் அவ்வூரிலேதான். அச்செப்பேடு நிலத்தைப் பங்கிட்டு, கோயிலில் வழிபாடு செய்வோருக்கு இத்தனை, தண்ணீரும் தீயும் தருவோருக்கு இத்தனை, மண்டபத்தில் பாரதம் வாசிப்போருக்கு இத்தனை என்று எழுதிவைத்தது. கதை வாசிப்பவனுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் ஊற்றுபவனுக்கும் பங்கு உண்டு. அப்பட்டியலில் ஊராரின் குழந்தைகளைக் கையேந்தி வாங்கியவளுக்குப் பங்கு இல்லை.

அதே வட்டாரத்து உத்தரமேரூரில் 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. சபையில் அமர்வோருக்கு 35 வயதுக்குக் குறையாமலும் 70 வயதுக்கு மேற்படாமலும் இருக்கவேண்டும், சொந்த மனை வேண்டும், கல்வி வேண்டும் என்றெல்லாம் அவை விதித்தன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னை உரைத்துப் பார்க்க ஒரு வாரியம் என ஊரின் ஒவ்வொரு காரியத்துக்கும் வாரியம் கண்ட பெருமை உத்தரமேரூருக்கு உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்று நடந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என அங்குப் பணிபுரிந்தோரின் பட்டியலும் ஊதியமும் அதில் உள்ளன. நாவிதர் இடம்பெற்ற அப்பட்டியலில் மருத்துவச்சி எனத் தனியே ஒருத்தி குறிக்கப்படவில்லை.

அக்காலத்தவரைக் குறைகூறுவதற்காக இவற்றை நாம் எடுத்துரைக்கவில்லை. எழுதத் தெரிந்த ஊர் அது என்பதைக் காட்டவே கூறினோம். ஒரு குழி நிலத்தையும் விடாமல் எழுதத் தெரிந்தவர்கள், பொன்னின் மாற்றையும் உரைத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், ஒரு தொழிலுக்கு மட்டும் ஏட்டில் இடம் வைக்காமல் போனால், அத்தொழிலின் ஊதியம் கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்ததாகிவிடுகிறது. எழுதப்பட்ட பங்கு உரிமை. எழுதப்படாத பங்கு பிச்சை. அந்தப் பிச்சையிலிருந்து வந்ததுதான் கந்தல்.

கோட்டு அணிந்த அழுக்கு

நிற்க. அழுக்கு ஆடையில் மகப்பேறு பார்த்தவள் நம் நாட்டு ஏழைக் கிழவி ஒருத்திதானா? ஐரோப்பாவின் நிலையையும் அறிதல் நன்று.

1795ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் கார்டன் ஓர் உண்மையை அஞ்சாமல் எழுதினார். பேறுகாலக் காய்ச்சல் ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குச் செல்வது மருத்துவர்கள், செவிலியர்கள் வாயிலாகவே. தம்மாலும் சிலருக்கு அது பரவியது என்று அவர் ஒப்புக்கொண்டார். நோயுற்றவளின் துணிகளை எரிக்கவோ தூய்மை செய்யவோ வேண்டும். பணிசெய்தோர் தம்மைக் கழுவிக்கொண்டு, உடைகளுக்குப் புகையூட்டிய பின்னரே மீண்டும் அணியவேண்டும் என்றார். அவரைப் போற்றுவதற்குப் பதிலாக அவ்வூரார் பகைத்தனர். 1843இல் அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இதையே வலியுறுத்தினார். பிலடெல்பியாவின் பெரும் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், மருத்துவர்கள் கண்ணியவான்கள், கண்ணியவான்களின் கைகள் தூயவை என்னும் பொருள்பட அதற்கு விடையிறுத்தார். குலப்பெருமை கையைக் கழுவிவிடும் என்ற நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

வியன்னாவின் பெருமருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதற்பகுதியில் மருத்துவ மாணவர்களும், இரண்டாம் பகுதியில் மருத்துவச்சி மாணவிகளும் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற்பகுதியில் பிள்ளைபெற்ற தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். மருத்துவச்சிகளின் பகுதியில் மாண்டோர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. முதற்பகுதியில் சேர்க்கவேண்டாம் என்று கர்ப்பிணிகள் கெஞ்சினர். படித்த மாணவர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு தாய்மாரைத் தொடுகின்றனர் என்பதே காரணம் என இக்னாஸ் செம்மல்வைஸ் கண்டார். 1847ஆம் ஆண்டு மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டுமென்று விதித்தார். 1848இல் முதற்பகுதியின் சாவு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கிற்று. அக்காலத்து அறுவை மருத்துவர்கள் உதிரம் காய்ந்து விறைத்த கோட்டை அனுபவத்தின் அடையாளமாகப் பெருமையோடு அணிந்தனர் என்பதும் மருத்துவ வரலாறு கூறும் செய்தி.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? உதிரம் காய்ந்த கோட்டை மாட்டிய கை தாயைக் கொன்றபோது அதை எவரும் அம்மருத்துவரின் குலத்தோடு சேர்த்துப் பேசவில்லை. காலத்தின் குறை என்றனர். கந்தல் கட்டிய கை கொன்றபோது மட்டும் அது அவள் குலத்தின் குறையாயிற்று. ஒரே நோய்க்கு இரண்டு தீர்ப்புகள்! மற்றொரு செய்தியும் உண்டு. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சுகாதாரத்துறை, நோயாளரைத் தொடுவோர் முழங்கைக்குக் கீழே ஆடையும் அணியும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வழிகாட்டியது. மருத்துவரின் நீண்ட கை வெள்ளைக் கோட்டு அங்கே விடைபெற்றது. ரவிக்கை இல்லாத கையை ஏழ்மையின் இழிவு என்று நாம் எள்ளினோம். வெறுங்கையே தக்கது என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவளுக்குக் குறைந்திருந்தவை சோப்பும், கொதிநீரும், வெளுத்த துணியும், அவற்றின் காரணத்தைச் சொல்லித்தரும் ஆசிரியரும். இந்நான்கையும் மறுத்தவர் யாரோ, அவரே பிரதிவாதி.

நம் வீட்டு வாசல்

இதுவரை பொதுவாகப் பேசினோம். இனி நம் சமுதாயத்தாரை நோக்கிச் சொல்லவேண்டியது உண்டு. தீட்டு என்பது பிறருடைய வழக்கம்; நம் மார்க்கத்தில் அது இல்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மார்க்கத்தில் இல்லை என்பது உண்மை. நம் வீட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா?

ஆடைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு இட்ட கட்டளை, இறைச்செய்தியின் தொடக்க நாட்களிலேயே, அல்முத்தஸ்ஸிர் அத்தியாயத்தில் இறங்கிவிட்டது. ஆடையில் மாதவிடாயின் உதிரம் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பெண் வினவியபோது, சுரண்டிவிட்டு நீர்விட்டுத் தேய்த்துக் கழுவி, அதே ஆடையோடு தொழுதுகொள்ளலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததை அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார். அதே ஆடையோடு தொழலாம்! உதிரம் பட்ட துணி என்றென்றும் ஒதுக்கப்பட்ட துணி ஆகிவிடுவதில்லை. நீர் அதை இறைவனின் முன்னிலைக்கே தகுதியாக்கிவிடுகின்றது. ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிடாயின்போது ஒரு விரிப்பை எடுத்துத்தரத் தயங்கியபொழுது, அது அவர்களின் கையில் இல்லையே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுறுத்தினார்கள். அவர்கள் அருந்திய பாத்திரத்திலேயே, அவர்கள் வாய்வைத்த இடத்திலேயே வாய்வைத்து அருந்தினார்கள். நஜீஸ் என்பது உதிரம்; பெண் அல்லள். மாதவிடாய்க்கு உள்ள இந்த அடிப்படையே பேறுகாலத்து நிஃபாஸுக்கும் உரியது. நஜீஸைக் கழுவ நீர் போதும். அதைத் தொட்டவளை ஒதுக்க ஷரீஅத்தில் இடமே இல்லை.

இத்தனையும் கிதாபில் ஓதியவர்களின் வீட்டில் நடந்தது என்ன? மருத்துவச்சி கொல்லைப்புற வாசலால் வந்தாள், அவ்வழியே சென்றாள். பேறுகாலத்துக்கென்று மூலைக் கந்தலையே நாமும் எடுத்துக்கொடுத்தோம். அவள் உண்ண வேறு பாத்திரம் வைத்தோம். அவள் கையில் பிறந்து, அவள் ஊற்றிய நீரில் முதன்முதல் குளித்த பிள்ளை, பத்து வயதில் அவளை நீ, வா என்று அழைத்தபோது திருத்தாமல் இருந்தோம். அண்டை வீட்டாரின் தீட்டை வாங்கி நம் வீட்டில் குடிவைத்துவிட்டு, அதற்குத் தூய்மை என்று பெயரும் சூட்டினோம்.

நம் கோஷா முறையைக் காத்தவளும் அவளே. அன்னிய ஆடவரான மருத்துவர் முன் நம் பெண்கள் வரமாட்டார்கள் என்று நாம் பெருமிதம் கொண்டோம். அத்தகைய பெண்களுக்காகவே டாக்டர் மேரி ஷார்லீப் அம்மையார் 1885ஆம் ஆண்டு சென்னையில் சாதிப்பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்குமான மருத்துவமனையை நிறுவினார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர்பெற்று நிற்கும் அதை மூத்தோர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வர். பட்டணத்தில் அது இருந்தது. சிற்றூரில் என்ன இருந்தது? மருத்துவச்சி இருந்தாள். அவளும் வராதிருந்தால் நம் கோஷா நம் பெண்களைக் கொன்றிருக்கும். நம் மானத்தைத் தன் கையால் காத்தவளுக்கு மாற்றுப் புடவை ஒன்று கொடுக்க நமக்கு மனம் வரவில்லை.

உஜ்ரத்தா, சதக்காவா?

பிள்ளைப்பேறு பார்ப்பவளை அரபு மொழியில் காபிலா என்பர். ஏற்றுக்கொள்பவள் என்பது பொருள். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தொழில்களைப் பற்றிக் கூறுமிடத்தில் இத்தொழிலுக்கென்றே ஒரு தனிப் பகுதி ஒதுக்கினார். தாய் கொடுக்கிறாள், காபிலா ஏற்றுக்கொள்கிறாள் என்று அப்பெயருக்கு அவர் விளக்கமும் தந்தார். வேளாண்மை, கட்டிடக்கலை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் மருத்துவச்சியின் தொழிலை அமர்த்திய அந்நூல் மத்ரஸாக்களின் நூலகங்களில் இன்றும் இருக்கிறது. எடுத்துப் பார்ப்போர் குறைவு.

நாயகத்தின் குடும்பத்தில் குழந்தைகளை ஏற்றுக்கொண்ட காபிலா ஸல்மா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர். அபூராஃபிஉ (ரலி) அவர்களின் துணைவியார். மாரியா (ரலி) அவர்களுக்கு இப்ராஹீம் பிறந்தபோது பேறு பார்த்தவரும் அவரே. அவர் பெயரை வரலாறு காத்துவைத்தது. நம் ஊர் ஜமாஅத்தின் பழைய குறிப்பேடுகளில் பிள்ளை பிறந்த நாள் உண்டு, தந்தையின் பெயர் உண்டு. பேறு பார்த்தவளின் பெயர் எதில் இருக்கிறது?

காபிலாவின் கூலி யார் பொறுப்பு என்று ஹனஃபீ சட்ட நூல்கள் ஆராய்கின்றன. கணவனோ மனைவியோ, எவர் அவளை அமர்த்தினாரோ அவர்மீது அது கடமை என்று துர்ருல் முக்தார் தீர்ப்பளிக்கிறது. அந்நூல் அதற்கு இட்ட பெயர் உஜ்ரத், அதாவது கூலி. சதக்கா என்றோ இனாம் என்றோ அது சொல்லவில்லை. கூலி கடன், மனமிரங்கிக் கொடுப்பதன்று, கொடுத்தே தீரவேண்டியது. ஆனால் நாம் கொடுத்தது என்ன? உடுத்திச் சலித்த பழம்புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியையும் எதிர்பார்த்தோம். கடனைத் தர்மமாக மாற்றிக் கொடுப்பவன் இருமுறை திருடுகிறான்: பொருளை ஒருமுறை, பெருமையை மறுமுறை.

அகீகாவைப் பற்றி இமாம் அபூதாவூத் அவர்கள் தம் மராஸீலில் ஒரு செய்தியைப் பதிந்துள்ளார்கள். ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் கொடுத்த அகீகாவின் ஒரு காலைக் காபிலாவின் வீட்டுக்கு அனுப்புமாறு நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அச்செய்தி கூறுகின்றது. அதை ஒட்டியே ஷாஃபிஈ அறிஞர்கள் அகீகாவின் ஒரு காலை மருத்துவச்சிக்கு அளிப்பதை விரும்பத்தக்கதாக எழுதினர். கூலிக்கு மேலே தரப்படும் கண்ணியம் அது. எலும்பும் கொழுப்புமாகக் கழிந்ததை ஒதுக்கித்தரச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்து மயக்கம்

நாம் இவ்வளவு சொன்னதைக் கேட்டு வேறொரு கூட்டத்தார் மகிழக்கூடும். ஆஸ்பத்திரியே வேண்டாம், பாட்டி காலத்துப் பேறே சிறந்தது, வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று போதிப்போர் அவர்கள். அவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. 2018ஆம் ஆண்டு திருப்பூரில், யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளைபெற முயன்ற இளந்தாய் ஒருவர் உதிரப்போக்கால் உயிரிழந்தார். கைக்குழந்தைக்குத் தாய் இல்லாமற்போயிற்று. இது இயற்கை வாழ்வன்று, வீண் பிடிவாதம்.

தொப்புள்கொடியை அறுக்கும் கருவியும் கட்டும் நூலும் தூய்மையாயில்லாத காரணத்தால் பிறந்த குழந்தைகள் இரணஜன்னி கண்டு இறந்தனர். தடுப்பூசியும், தூய கை, தூய இடம், தூய கத்தி, தூய நூல், தூய தொப்புள் என்ற ஐந்து தூய்மைகளைக் கற்பித்ததும் சேர்ந்துதான் அதை விரட்டின. 2015ஆம் ஆண்டு இந்தியாவில் தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னி ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. 2018–20 காலத்துக் கணக்கில் 1 இலட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பு 54 என இறங்கியது. அதே காலத்தில் இந்தியாவின் சராசரி 97. இந்த வெற்றியைக் குறைத்துப் பேசுபவர் தாய்மாருக்குப் பகைவர்.

ஆனால் இவ்வெற்றியின் படிகளில் மருத்துவச்சிக்கும் ஒரு படி உண்டு. 1903ஆம் ஆண்டு கர்சன் சீமாட்டியின் முயற்சியால் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளிக்க நிதியம் ஒன்று தோன்றியது. 1926ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்து, பயின்றவர்களுக்குப் பதிவேடு கண்டது. கூரம் போன்ற சிற்றூர்களின் மருத்துவச்சி அப்பதிவேட்டுக்கு வெளியே நின்றாள். 1970களின் பிற்பகுதியில் கிராமத்து மருத்துவச்சிகளுக்கு நாடெங்கும் பயிற்சி அளிக்கப்பட்டபோது, கற்பித்தால் கற்றுக்கொள்பவள் அவள் என்பது வெளிப்பட்டது. அதற்கு முன் கற்பிக்கப்படவில்லை என்பதே அவளுடைய குற்றம். மருத்துவமனை வளர்ந்தபின் அவளுடைய தொழில் மறைந்தது. அது மறைந்தது நன்றே. நன்றி சொல்லாமல் மறையவிட்டதுதான் தீது.

இனிச் செய்யவேண்டியது

கந்தல் புடவை ஒழிந்துவிட்டது என்று எவரும் நிம்மதி கொள்ள வேண்டாம். பேறுகால அறையின் தரையை இன்று கழுவுபவர் யார்? உதிரம் தோய்ந்த விரிப்பை எடுப்பவர் யார்? செவிலியருக்கும் மருத்துவருக்கும் கீழே, ஆயா என்ற பெயரில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் பெண்மணி அவர். பிள்ளையைக் காணவந்த உறவினர், மருத்துவருக்கு இனிப்புப் பெட்டி நீட்டுகின்றனர். ஆயாவின் கையில் படாமல் பத்து ரூபாயைப் போடுகின்றனர். ஆண்பிள்ளை என்றால் நோட்டு பெரிதாகிறது. சீருடை மாறியிருக்கிறது, நம் கை மாறவில்லை.

ஆகவே நம் குடும்பங்களுக்குச் சிலவற்றைச் சொல்லி முடிப்போம். ஊர் வரலாறு எழுதும் மலர்களில் கொடைவள்ளல்களின் படங்களுக்கு அருகே, அவ்வூரின் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட மருத்துவச்சிகளின் பெயர்களும் இடம்பெறட்டும். மூத்தோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அக்குடும்பங்களில் முதுமையடைந்து வாழ்வோர் இருந்தால், ஜமாஅத்தின் உதவி அவர்களுடைய வாசலுக்கும் செல்லட்டும். பிள்ளை பெண்ணாயினும் ஆணாயினும் கொடுப்பது ஒன்றாகவே இருக்கட்டும். மேடையேறி மருத்துவச்சியின் அழுக்கைப் பேச விரும்புவோர், தம் பாட்டியின் வீட்டார் அவளுக்குக் கொடுத்த புடவை எத்தகையது என்பதை முதலில் விசாரித்துவிட்டு ஏறட்டும்.

அடுத்த அகீகா நம் வீட்டில் நடக்கும்போது, அதன் ஒரு காலைப் பேறுகால அறையில் உதிரம் கழுவிய அந்தப் பெண்மணிக்கு அனுப்புங்கள். அவர் முஸ்லிம் அல்லாதவராயினும் கொடுப்பதை ஹனஃபீ ஃபிக்ஹு தடுக்கவில்லை. இறைச்சி ஏற்காதவராயின் அதற்கு ஈடான பொருளைக் கொடுங்கள். ஒரு புடவையும் கொடுக்க விரும்பினால் கடைக்குச் சென்று, உங்கள் மனைவிக்கு எடுக்கும் அதே அடுக்கிலிருந்து புதிதாக எடுத்துக் கொடுங்கள்.